போர்டு மூலை

என் மகள் வெரோனிக்காவின் மேல் எனக்குப் பொறாமை. அவளுக்குப் பத்து வயது. பெற்ற பிள்ளையின் மேல் பொறாமைப்படுகிற அப்பனும் உண்டா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ஆரோக்கியநாதன் சாரிடம் படித்திருந்தால் சுளிக்க மாட்டீர்கள். என் தோளில் கை போட்டு ஒரு டீ வாங்கிக் கொடுப்பீர்கள்.

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் நான் படித்த தமிழ்ப்பள்ளியில் அவர்தான் கட்டொழுங்கு ஆசிரியர். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. அந்த மடிப்பு இன்னும் ஒரு சுற்று மேலே ஏறினால் அன்றைக்கு யாருக்கோ அடி நிச்சயம். வகுப்பை விட்டு வெளியே போகும்போதெல்லாம் சட்டாம்பிள்ளையிடம் வெண்கட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார். பேசுகிறவன் பெயரை அவன் போர்டின் வலது மூலையில் எழுதிவைக்க வேண்டும். சார் திரும்பி வந்ததும் மூலையைப் பார்ப்பார், பெயரைக் கூப்பிடுவார், ரோத்தான் பிரம்பை எடுப்பார். விசாரணை என்று எதுவும் கிடையாது. என் பெயர் டேரன். மூன்றே எழுத்து. எழுதுகிறவனுக்கு அது வசதியாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் வாயே திறக்காத நாளிலும் என் பெயர் அந்த மூலையில் இருந்தது.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஜுருவில் ஒரு கார் பட்டறையில் காடிகளுக்குச் சாயம் அடிக்கிற வேலை. தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து மோட்டர் சைக்கிளில் போய் வருகிறேன். என் கெட்ட நேரம், நாங்கள் வாடகைக்கு வந்த அடுக்குமாடியில் எங்களுக்கு நேர் மேலே குடியிருப்பவர் ஆரோக்கியநாதன் சார். லிப்ட் கதவு திறந்து உள்ளே அவர் நின்றால் என் கை தானாகச் சட்டையை உள்ளே செருகுகிறது. என் மனைவி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் ஈப்போக்காரி. அவளுக்கு என்ன தெரியும்.

நியாயமாகவும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சாருடைய அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீடு நிறையப் பிள்ளைகள், அதில் புத்தகத்தைக் கையில் எடுத்தவர் இவர் ஒருவர்தான். அடி வாங்கிப் படித்தார். அடிதான் தன்னை ஆளாக்கியது என்று நம்பினார். அந்த நம்பிக்கையை எங்கள் உள்ளங்கையில் இறக்கினார். பயிற்சி முடித்ததும் முதல் வேலை பாலிக் புலாவில். மலைச் சாலையில் தினமும் மோட்டரில் ஏறி இறங்கி, மழை நாளில் சொட்டச் சொட்ட நனைந்தபடியே பாடம் நடத்துவாராம். பிறகு ஜார்ஜ் டவுனுக்கு வந்து, பணி ஓய்வு பெறும்வரை ஒருநாள்கூடக் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலுக்கே அவரிடம் பயம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். கையெழுத்து மட்டும் அப்படியொரு அழகு. அவர் போர்டில் தேதி எழுதினால் அதை அழிக்கவே மனசு வராது.

ஓய்வு பெற்ற நாளில் ஒரு பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவரைத் தேடி யாரும் வரவில்லை. அவரிடம் படித்தவர்கள் இந்தத் தீவு முழுக்க இருக்கிறோம். போலீஸ் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், ரொட்டி சானாய் போடுகிறவர் இருக்கிறார். பசாரில் சாரைக் கண்டால் அத்தனை பேரும் அடுத்த மீன் கடைக்கு நகர்ந்துவிடுவோம். அவர் அதைக் கவனிக்கவில்லை என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மாதா கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்கு வந்து சேர்ந்தார். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் தட்டி வைத்துப் பிரித்த அறைகளில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பார்கள். சாருக்குக் கிடைத்தது உறுதிபூசுதலுக்குத் தயாராகிற பதினைந்து வயதுக் கூட்டம். அவர்களையும் வாய் பொத்தி உட்கார வைத்துவிட்டார். மறைக்கல்விப் பொறுப்பாளராக இருந்த அம்மா வருடக் கடைசியில் மகளோடு கோலாலம்பூருக்குப் போகப்போகிறார் என்று தெரிந்ததும், அடுத்தது சார்தான் என்று எல்லாரும் பேசினார்கள். எல்லாரையும்விட அதிகமாக அதை நம்பியவர் சார். இப்போதே பொறுப்பாளர் ஆகிவிட்டதுபோல், பூசை முடிவதற்குள் மண்டப வாசலில் போய் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில்தான் ஆலிஸ் ஆண்டி உள்ளே வந்தார். சாருடைய மனைவி. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் காலமெல்லாம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாலாம் ஆண்டுப் பிள்ளைகளின் டீச்சர் பிரசவத்துக்குப் போனதால், ஃபாதர் இவரைப் பிடித்து அந்த வகுப்பில் தள்ளிவிட்டார். என் மகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். முதல் நாள் ஆண்டி பிள்ளைகளிடம் கேட்டது இதுதான்: "எனக்குப் பாடம் நடத்தி எல்லாம் பழக்கம் இல்ல. இந்த வகுப்பு எப்படி இருந்தா நீங்க தூங்காம வருவீங்க, சொல்லுங்க பாப்போம்."

பிள்ளைகள் சொன்னார்கள். சண்டை போட்டார்கள். எழுதினார்கள், எழுதியதை அடித்தார்கள், மறுபடி எழுதினார்கள். மூன்று ஞாயிறு பைபிளைத் திறக்கவே இல்லை. மேல்மாடியில் சார் சிரித்தது எங்கள் வீடு வரை கேட்டது.

"மூணு வாரமா ரூல் எழுதுறீங்களா? நான் மூணு நிமிஷத்துல எழுதிக் குடுத்துடுவேன் ஆலிஸ்."

"தெரியும்ங்க. அதான் உங்ககிட்ட கேக்கல."

அந்த விதிகளை வெரோனிக்கா மோட்டரில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒப்பிப்பாள். தாமதமாக வருகிறவரை ஏன் என்று கேட்கக்கூடாது, ஏனென்றால் ஒரு பிள்ளையின் அப்பா பிறையில் இரவு வேலை முடிந்து வந்துதான் அவளைக் கொண்டுவந்து விடவேண்டும். கறிபாப் கொண்டுவந்தால் மேசைக்கு அடியில் வைத்துத் தனியாகத் தின்னக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, விதிகளை எழுதிய அட்டையின் தலையில், சிவப்பு மையில் ஒன்று இருந்தது. கோபமாக இருப்பவர் வகுப்பு தொடங்கும் முன்பே தன் பெயரைப் போர்டு மூலையில் தானே எழுத வேண்டும். மற்றவர்கள் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. இது டீச்சருக்கும் உண்டு.

"டீச்சருக்குமா?" என்று ஆண்டி தயங்கினாராம். கை தூக்கச் சொன்னார்கள். ஆண்டி தோற்றுப்போனார்.

அதைக் கேட்டபோது என் வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், வழியிலேயே மோட்டரை ஓரங்கட்டி நிறுத்தலாமா என்று இருந்தது. அதே மூலை. நான் காலையில் பசியாற முடியாமல் பள்ளிக்குப் போனது அந்த மூலைக்குப் பயந்துதான். இந்தக் குட்டிகள் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு, கோபம் வந்தால் போய்ப் பெயர் எழுதிவிட்டு நிம்மதியாக உட்காருகிறார்களாம். எங்கள் காலத்தில் சாருடைய கோபத்தை அவர் சப்பாத்துச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். "போன வாரம் டீச்சரே அவங்க பேர எழுதினாங்கப்பா, முட்டி வலின்னு," என்று இவள் சாதாரணமாகச் சொல்கிறாள். எனக்குக் காதில் புகை வந்தது.

எனக்கே இப்படி என்றால் சாருக்கு எப்படி இருந்திருக்கும்? விடுமுறை நாளில் அந்தப் பிள்ளைகள் ஆண்டியைப் பார்க்க வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். கதவுக்கு வெளியே சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடக்கும். நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் சாரைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே குரலில், "வணக்கம் சார்" என்பார்கள். பிறகு சமையலறைக்குள் போவார்கள். அங்கே போனதும் சிரிப்புத் தொடங்கும். சார் டிவி சத்தத்தைக் கூட்டுவார். ஆலிஸ் ஆண்டியிடம் பலகாரம் செய்யப் பழகுகிறேன் என்று என் மனைவி பாதி நாள் அங்கேதான் இருப்பாள், அவள் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கொண்டவள்மேலேயே அவருக்குப் பொறாமை. அது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பிறகு ஒருநாள் அவரும் களத்தில் இறங்கினார். தன் வகுப்பிலும் பிள்ளைகளே விதி எழுதப்போகிறார்கள் என்று அறிவித்தார். அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் விவரமானவர்கள். வாத்தியாருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று பள்ளியில் பார்க்காத கூட்டமா?

"சார், நேரத்தோட வரணும் சார்."

"அமைதியா இருக்கணும் சார்."

"கைபேசிய ஆப் பண்ணி வைக்கணும் சார்."

சார் மகிழ்ந்துபோனார். பையிலிருந்து ஓர் அட்டையை உருவி விரித்தார். அவர்கள் சொன்ன அத்தனையும் அதில் முத்து முத்தாக எழுதி, பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டு இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஃபாதரிடம் காட்டினார். நான் மகளுக்காகக் காத்துக்கொண்டு, கையில் கறிபாப்போடு பக்கத்தில்தான் நின்றேன்.

"என் பிள்ளைங்களும் சொந்தமா எழுதினாங்க ஃபாதர்."

"அழகா இருக்கு சார். எப்ப எழுதினாங்க?"

"இப்பத்தான், இன்னிக்கு வகுப்புல."

"லேமினேட் எப்பப் பண்ணீங்க?"

"நேத்து," என்றார் சார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் கறிபாப்பைக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு ஏக சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அடுத்த வாரம் ஃபாதர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். வரப்போவதாக முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார். சார் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த கோப்பைகளைத் தானே கழுவி வைத்தாராம். என் மனைவி சமையலறையில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்து பீசாங் கோரேங் பொரித்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, நாற்காலியை ஆண்டியின் பக்கம் திருப்பினார்.

"சிஸ்டர் ஆலிஸ், அடுத்த வருஷத்துல இருந்து மறைக்கல்விப் பொறுப்பை நீங்க பாத்துக்கணும். சாரும் கூட இருக்காரு, உங்களுக்கு என்ன பயம்?"

சாருடைய கையில் கோப்பை அப்படியே நின்றது. "நல்ல முடிவு ஃபாதர்," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணெயில் வாழைப்பழம் கருகியதை என் மனைவி கவனிக்கவில்லை.

ஆண்டி தன் முட்டியைத் தடவினார். "முட்டி ஆபரேஷன் முடியட்டும் ஃபாதர், அப்புறம் சொல்றேன்," என்றார். ஃபாதர் போன பிறகு என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாராம்.

"முடியாதுன்னுதான் சொல்லப்போறேன். அவரால தாங்க முடியாது."

"உங்களுக்கு ஆசை இல்லையா ஆண்டி?"

"இருக்கு. நிறையவே இருக்கு. என்னைய யாரு இதுவரைக்கும் எதுக்கும் கேட்டிருக்கா? ஆனா அவருக்கு வேற ஒண்ணும் இல்ல லா. இதையும் நான் எடுத்துக்கிட்டா அவரு எங்க போயி நிப்பாரு?"

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. சார் தன் காப்பியைத் தானே கலக்கிக்கொண்டார். கோயிலுக்கு எப்போதும் ஒன்றாகப் போகிறவர்கள், இப்போது சார் நாலு எட்டு முன்னால் நடந்தார். முட்டி வலியோடு ஆண்டி பின்னால் வந்தார். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சார் கூடவே இருந்தார், மருந்து மாத்திரை நேரம் தவறாமல் கொடுத்தார், அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்று ஆண்டி சொல்லிவிட மாட்டாரா என்று சார் காத்திருந்தார். அதை அவர் வாயால் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆண்டி கட்டிலில் கிடந்த அந்த வாரங்களில் நாலாம் ஆண்டு வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி ஃபாதர் சாரிடம் சொன்னார். அவருடைய பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் முடிந்து, அவர் சும்மாதான் இருந்தார். சனிக்கிழமை முழுக்க வெரோனிக்காவுக்குப் புத்தி சொன்னேன்.

"வாயத் தொறக்காத. கேட்டா மட்டும் பதில் சொல்லு. அவரு சட்டைக் கையப் பாத்துக்க, மடிப்பு மேல ஏறுச்சுன்னா தலையக் குனிஞ்சுக்க."

"ஏன்ப்பா? அவரு ஆலிஸ் டீச்சர் ஹஸ்பண்ட்தானே?"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் ஜன்னலுக்கு வெளியே மோட்டரை நிறுத்தி, அதில் ஏதோ பழுது என்பதுபோல் குந்தி உட்கார்ந்துகொண்டேன். ரோத்தான் வெளியே வந்தால் உள்ளே பாய்ந்துவிடுவது என்று முடிவோடு இருந்தேன்.

சார் வந்தார். மடிப்பு மேலே ஏறித்தான் இருந்தது. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் சுவரில் மாட்டியிருந்த பிள்ளைகளின் அட்டையைப் பார்த்தார். கோணல் மாணல் எழுத்து, நாலைந்து நிறம், அடித்தல் திருத்தல். தன் பையிலிருந்து அந்த லேமினேட் அட்டையை எடுத்து, அதே ஆணியில், அதற்கு மேலேயே மாட்டினார். பிள்ளைகளுடையது முழுசாக மறைந்துபோனது. பிறகு போர்டில் தேதி எழுதினார்.

என் மகள் கை தூக்கினாள்.

"சார், கோபமா இருக்கீங்களா?"

எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் கை வீங்கியிருக்கும்.

"யாரு கேட்டது?"

"நான்தான் சார், வெரோனிக்கா. முதல் ரூல் சார். நீங்க மேல மாட்டிட்டீங்க, அடியில இருக்கு."

"எனக்குக் கோபம் இல்ல."

பக்கத்தில் இருந்த இன்னொரு குட்டி, "பொய் சொல்லக்கூடாது சார்," என்றாள். "அது எங்க ரூல் இல்ல சார். பத்துக் கட்டளையில இருக்கு."

சார் பேனா மூடியைக் கழற்றினார், அது தரையில் விழுந்தது. திரும்பினார். போர்டின் வலது மூலையில், அந்த அழகான கையெழுத்தில், வெரோனிக்கா என்று எழுதினார். என் உள்ளங்கை அரித்தது. நான் எழுந்துவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை அழப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "வெரோ, உனக்குக் கோபமா? சொல்லவே இல்ல!"

"எனக்கா? இல்லையே."

"அப்புறம் ஏன் உன் பேரு இருக்கு?"

வெரோனிக்கா எழுந்து போர்டுக்குப் போனாள். "சார், மாத்தி எழுதிட்டீங்க. எனக்குக் கோபம் வரல. யாருக்கு வந்திருக்கோ அவங்க பேரத்தான் எழுதணும், அவங்களேதான் எழுதணும்." துடைப்பானை எடுத்துத் தன் பெயரை அழித்தாள். தரையில் விழுந்திருந்த பேனா மூடியை எடுத்துக் கொடுத்தாள். "உங்க பேரு ரொம்ப நீட்டம் சார். 'ஆ' மட்டும் போட்டாப் போதும். ஆலிஸ் டீச்சரும் அப்படித்தான் போடுவாங்க."

அந்தப் பேனாவையும் மூடியையும் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிற்பை என்னால் மறக்க முடியாது. அவர் கையில் அத்தனை வருடம் இருந்த ஆயுதம், அது என்னவென்றே தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பயந்தால்தானே அடிக்க முடியும்? இவர்கள் பரிதாபப்பட்டார்கள். மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அங்க உக்காருங்க சார், காத்து வரும்," என்றது ஒரு பிள்ளை.

சார் போர்டு பக்கம் திரும்பினார். ஆரோக்கியநாதன் என்று முழுப் பெயரையும் மூலையில் எழுதினார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

எழுதி முடித்ததும் பிள்ளைகள் அவரை விட்டுவிட்டார்கள். பைபிளைத் திறந்து தாங்களே ஒருவர் மாற்றி ஒருவர் வாசித்தார்கள். தெரியாத சொல் வந்தால் தங்களுக்குள்ளேயே கிசுகிசுத்துக்கொண்டார்கள். சார் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் காலத்தில் அவர் கோபமாக இருந்தபோது யாரும் அவரை இப்படி நிம்மதியாக விட்டதில்லை. நாங்கள் நடுங்கத்தான் நடுங்கினோம்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். "ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கக்கூடாது சார். நீங்களா சொன்னாக் கேட்டுக்குவோம்."

அவர் தொண்டையைச் செருமினார். "டீச்சர் மேல."

"எங்க டீச்சர் மேலயா?"

"கோபம்னு இல்ல." சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொறாமை."

வகுப்பில் பெரிய குழப்பம். பொறாமைக்கு விதி இல்லை. உடனே வாசிப்பை நிறுத்திவிட்டுக் கூட்டம் போட்டார்கள். பொறாமைக்காரருக்கு ஒரு கறிபாப் கொடுக்க வேண்டும் என்றது ஒன்று. அப்படியென்றால் எல்லாரும் பொறாமை என்று சொல்லிக் கறிபாப் கேட்பார்கள் என்றது இன்னொன்று. வெளியே போய் நிற்கட்டும் என்றது மூன்றாவது, அதைக் கத்தியே உட்கார வைத்தார்கள். கடைசியில் அந்தப் பத்துக் கட்டளைக் குட்டி சொன்னாள்: "எங்க வீட்டுல பாப்பா பிறந்தப்ப எனக்கு அது மேல ரொம்பப் பொறாமையா இருந்துச்சு. அப்ப நான் அது பக்கத்துலயே போயி உக்காந்துக்குவேன்."

"போயிடுச்சா?" என்று கேட்டார் சார். அவர் உண்மையாகவே கேட்டார்.

"பாதி போச்சு சார்."

கை தூக்கினார்கள். எல்லாக் கையும் மேலே. விதியை அட்டையில் சேர்க்க வேண்டும் என்றால் மேலே மாட்டியிருப்பதை எடுக்க வேண்டும். யார் எடுப்பது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாரே எழுந்து போய்த் தன்னுடையதைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"சார், நீங்க எழுதுங்க சார். உங்க கையெழுத்துதான் நல்லா இருக்கு," என்றாள் என் மகள்.

அந்தக் கோணல் எழுத்துகளுக்கு அடியில் அவர் குனிந்து எழுதினார். பொறாமை வந்தால் அந்த ஆளின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

அன்று மத்தியானம் என் மனைவி ஆண்டிக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தாள். சார் உள்ளே வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், நேரே வந்து கட்டிலில் ஆண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மனிதர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆண்டி பதறிப்போனார்.

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. ரூல்."

"என்ன ரூல்?"

என் மனைவி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போவதுபோல் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இந்த விஷயத்தில் நாங்கள் பொருத்தமான ஜோடிதான்.

"ஃபாதர் கேட்டதுக்கு ஒத்துக்க ஆலிஸ்," என்றார் சார்.

ஆண்டி அவர் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும். நல்லாவே இருக்கும். அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்."

கதவுக்குப் பின்னால் இவள் மூக்கைச் சிந்தியதில் குட்டு வெளிப்பட்டுப்போனது. ஆண்டி அடுத்த வாரமே ஃபாதருக்குப் போன் செய்து சரி என்றார்.

எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். சார் மாறிவிட்டாராம், தங்கமான மனிதராம். எனக்கு மட்டும் ஆறவில்லை. என் மகளுக்குக் கிடைத்த மனிதர் எனக்கு ஏன் கிடைக்கவில்லை? நான் பத்து வயதில் கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும், அவள் கேட்டால் அவர் பதில் சொல்கிறார், நாற்காலியில் உட்காருகிறார், மனசைத் திறக்கிறார். இவளோ அதை ஒரு பெரிய விஷயமாகக்கூட நினைக்கவில்லை. சாயப் பட்டறையில் நாள் முழுக்க இதே நினைப்புத்தான். ஒரு காடியின் கதவுக்கு நிறம் மாற்றி அடித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். நான் எப்போதும் கடைசி வரிசை, வாசலுக்குப் பக்கம். சார் எப்போதும் மூன்றாவது வரிசை. ஆண்டி இன்னும் நடக்க ஆரம்பிக்காததால் அந்தப் பெஞ்சில் அவர் தனியாக இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் காலி. பின்னால் நின்று பார்த்தேன். அங்கே இருந்தவர்களில் அவரிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை தானாகச் சட்டையை உள்ளே செருகியது.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன டேரன்," என்றார்.

பெயர் ஞாபகம் இருந்தது. இத்தனை காலம் லிப்டில் பார்த்தும் தலையை மட்டும் ஆட்டுகிற மனிதர்.

"சும்மா சார்."

"சும்மாவா?" கண்ணாடிக்கு மேலே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோபமா, பொறாமையா?"

"ரெண்டும் சார்."

அவர் என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"பாதிதான்டா போகும்," என்றார்.

"பரவால்ல சார்," என்றேன்.